சபை ஒழுங்கு நடவடிக்கை: தனியே பேசுவதிலிருந்து திரும்பச் சேர்த்துக்கொள்வது வரை

சபை ஒழுங்கு நடவடிக்கை, அதாவது பாவத்தில் தொடரும் அங்கத்தினரைத் திருத்தச் சபை எடுக்கும் படிகள், என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது, ஆராதனை முடிவில் ஒருவர் பெயரைச் சொல்லி வாசிக்கப்படும் அறிவிப்புதான். அது இந்த வேலையின் மிகச் சிறிய பகுதி. ஆரோக்கியமான சபையில் பெரும்பாலான காரியங்கள் இரண்டு பேருக்குள் பேசி முடிந்துவிடும், சபையை நடத்தும் மூப்பர்களுக்குக்கூடத் தெரியாது. அறிவிப்பு வரை அடிக்கடி போகிற சபையில், அதற்கு முன்னால் செய்ய வேண்டியதை யாரோ செய்யாமல் விட்டிருக்கிறார்கள். அறிவிப்போடு நின்றுவிடுகிற சபையில், பின்னால் செய்ய வேண்டியதை யாருமே செய்வதில்லை. ஆகவே இங்கே அந்த முன்னும் பின்னும் பற்றியே அதிகம் சொல்கிறோம்.

மத்தேயு 18:15-17தான் இதற்கு அடிப்படை: முதலில் தனியே பேச வேண்டும், கேட்காவிட்டால் ஒன்றிரண்டு பேரோடு போக வேண்டும், பிறகு சபைக்குத் தெரியப்படுத்த வேண்டும், சபைக்கும் செவிகொடுக்காவிட்டால் விலக்க வேண்டும். அந்த வசனங்களுக்குச் சற்று முன்னால், தவறிப்போன ஓர் ஆட்டைத் தேடிப் போகிறவனைப் பற்றிய உவமை இருக்கிறது. சற்றுப் பின்னால், 'ஏழெழுபதுதரமட்டும்' மன்னிக்கச் சொல்லும் பதில் இருக்கிறது. நடுவில் இருப்பதை மட்டும் வெட்டியெடுத்துச் சட்டப் பிரிவைப் போல வாசித்தால் காரியம் கெட்டுவிடும். பழைய விசுவாச அறிக்கைகளும் இதை மறக்கவில்லை. 1561இன் பெல்ஜிய விசுவாச அறிக்கை, சுத்தமான பிரசங்கம், முறையான சாக்கிரமெந்துகள் (ஞானஸ்நானம், கர்த்தருடைய பந்தி என்னும் திருவிருந்து) ஆகியவற்றோடு ஒழுங்கு நடவடிக்கையையும் மெய்யான சபையின் அடையாளமாக வைத்தது. 1563இன் ஹைடல்பெர்க் வினாவிடை, 85ஆம் கேள்வியில், விலக்கப்பட்டவர் மெய்யாகத் திருந்தும்போது மறுபடியும் ஏற்றுக்கொள்ளப்படுவார் என்றே பதிலை முடிக்கிறது.

காரியம் எழும்புவதற்கு முன்பே எழுதி வைக்க வேண்டியவை

பிரச்சினை வந்த பிறகு விதி எழுதினால், அந்த ஆளைக் குறிவைத்து எழுதியதாகத்தான் தெரியும். எனவே எந்தக் காரியமும் கையில் இல்லாத காலத்தில், இரண்டு பக்கத்துக்கு மிகாமல் ஒரு நடைமுறையை எழுதி, சபையார் முன் வைத்து ஒப்புதல் பெறுங்கள். அதில் இருக்க வேண்டியவை: யார் அங்கத்தினர், எப்படிப்பட்ட காரியங்கள் இதற்குள் வரும், படிகள் என்ன, இறுதி முடிவு யாருடையது, முடிவை எதிர்த்து யாரிடம் மேல்முறையீடு செய்யலாம், திரும்பச் சேருவது எப்படி, நடுவில் ஒருவர் விலகல் கடிதம் கொடுத்தால் என்ன செய்வது.

இறுதி முடிவு யாருடையது என்பது சபைக்குச் சபை மாறும். பேராயர் முறையில் அது மேலிடத்துக்குப் போகும். பிரெஸ்பிட்டேரியன் முறையில் மூப்பர் சங்கம் முடிவு செய்யும். அதற்கு மேல் பிரெஸ்பிட்டரி, அதாவது பல சபைகளுக்குப் பொதுவான மன்றம், இருக்கும். பாப்டிஸ்ட் போன்ற சபைகளில் அங்கத்தினர் கூட்டம் வாக்களிக்கும். கத்தோலிக்கத் திருச்சபைக்கு 1983இன் திருச்சபைச் சட்டத் தொகுப்பும், 2021 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த, தண்டனைகள் பற்றிய அதன் ஆறாம் புத்தகத் திருத்தமும் உண்டு. உங்கள் சபைச் சட்டத்தில் எப்படி இருக்கிறதோ அப்படியே செய்யுங்கள். அவசரத்துக்கு வேறொரு முறையை இரவல் வாங்காதீர்கள். நடைமுறை மீறப்பட்டது என்ற ஒரே காரணத்தால் சரியான முடிவும் பிறகு நிற்காமல் போகும்.

புதிதாகச் சேருகிறவர்கள் அந்த இரண்டு பக்கத்தையும் வாசித்துக் கையெழுத்திட்ட பிறகே அங்கத்தினர் ஆக வேண்டும். சபைக்கு வந்துபோகிறவர், இன்னும் விசுவாசத்துக்கு வராதவர், அங்கத்தினரின் பிள்ளை ஆகியோர் மேல் இந்த நடவடிக்கை செல்லாது. புறம்பே இருக்கிறவர்களுக்குத் தீர்ப்புச் சொல்வது தன் காரியம் அல்ல என்று பவுல் 1 கொரிந்தியர் 5:12-13இல் தெளிவாகவே சொல்லிவிட்டார்.

பல ஆண்டுகளாக எந்த ஒழுங்கும் இல்லாமல் இருந்த சபை, திடீரென்று ஒரு பெரிய விவகாரத்தோடு இதைத் தொடங்கக் கூடாது. குறைந்தது ஆறு மாதம் முதல் ஓர் ஆண்டு வரை போதியுங்கள். அங்கத்தினர் பதிவேட்டைச் சரிபாருங்கள்: இடம் மாறிப் போனவர்கள், வேறு சபையில் சேர்ந்துவிட்டவர்கள், வருடக்கணக்காக முகம் காட்டாதவர்கள். ஒவ்வொருவரையும் தேடிப் போய்ப் பேசுவதே சபைக்கு நல்ல பயிற்சி. பதிவேட்டில் 300 பேர் இருந்து, யார் எங்கே என்று ஒருவருக்கும் தெரியாத சபையில், ஒருவரை மட்டும் பிடித்து நீக்கினால் அது நியாயமாக இருக்காது.

எது இதற்குள் வரும்

மூன்று கேள்விகள் கேளுங்கள். அந்தப் பாவம் வெளியரங்கமானதா, அதாவது கண்டோ கேட்டோ உறுதிப்படுத்தக் கூடியதா? சபையின் சாட்சியையும் மற்றவர் வாழ்வையும் பாதிக்கும் அளவுக்குக் கனமானதா? சுட்டிக்காட்டிய பிறகும் விடாமல் தொடர்கிறதா? மூன்றுக்கும் ஆம் என்று வந்தால்தான் முறையான நடவடிக்கை. பெருமை, பொறாமை போன்ற உள்ளத்துப் பாவங்கள் போதனைக்கும் தனி ஆலோசனைக்கும் உரியவை. அவற்றை எவராலும் விசாரித்து நிரூபிக்க முடியாது.

விபசாரம், வீட்டில் அடிப்பது, ஏமாற்றிப் பணம் பறிப்பது, தொடர்ந்து அவதூறு பரப்புவது, சபையைப் பிளப்பது, அடிப்படை உபதேசத்தை மறுத்துப் போதிப்பது ஆகியவை உள்ளே வரும். ஆராதனையில் எந்த இசைக்கருவி வேண்டும் என்ற தகராறு வராது. கமிட்டி முடிவை எதிர்த்து வாக்களிப்பதும் வராது. வரவுசெலவுக் கணக்கைக் காட்டுங்கள் என்று கேட்பது ஒருபோதும் வராது. கணக்குக் கேட்டவரைப் 'பிரிவினை உண்டாக்குகிறவர்' என்று தீத்து 3:10ஐக் காட்டி வெளியேற்றுவது பல இடங்களில் நடந்திருக்கிறது. அங்கே விசாரிக்கப்பட வேண்டியவர்கள் மேசையின் மறுபக்கத்தில் இருக்கிறார்கள்.

பலவீனத்தையும் பிடிவாதத்தையும் பிரித்துப் பாருங்கள். குடியிலிருந்து மீள முயன்று விழுந்து எழுந்து, உதவி கேட்டு வருகிறவர் நடவடிக்கைக்கு உரியவர் அல்ல. அவருக்குத் துணையும் சிகிச்சையும் வேண்டும். 'ஒழுங்கில்லாதவர்களுக்குப் புத்திசொல்லுங்கள், திடனற்றவர்களைத் தேற்றுங்கள், பலவீனரைத் தாங்குங்கள்' என்று 1 தெசலோனிக்கேயர் 5:14 மூவருக்கும் மூன்று விதமாகச் சொல்கிறது. எல்லாருக்கும் ஒரே மருந்து கொடுத்தால் பலவீனர்தான் முதலில் ஓடிப்போவார்.

இன்னொரு பாரபட்சமும் உண்டு. பாலியல் பாவத்தில் மட்டும் சபைகள் சுறுசுறுப்பாக இருக்கின்றன; அதிலும் பெண்ணிடம்தான் கை நீளுகிறது. கர்ப்பமான பெண்ணைச் சபை நடுவே நிற்க வைத்துவிட்டு, அதற்குக் காரணமான ஆண் பாடகர் குழுவில் பாடிக்கொண்டிருந்தால், அதை ஒழுங்கு என்று சொல்ல முடியாது. 1 கொரிந்தியர் 5:11இன் பட்டியலில் பொருளாசைக்காரனும் உதாசினனும் கொள்ளைக்காரனும் விபசாரக்காரனோடு ஒரே வரிசையில் இருக்கிறார்கள். பெரிய காணிக்கை கொடுப்பவரின் வியாபார மோசடியை நம் சபை எப்படிக் கையாளும் என்று மூப்பர்கள் முன்கூட்டியே ஒருமுறை வெளிப்படையாகப் பேசி வைத்துக்கொள்வது நல்லது.

குற்றச்செயல் என்றால் வழி வேறு

பிள்ளைகள் மேல் பாலியல் துன்புறுத்தல், வன்முறை, மிரட்டல், திருட்டு ஆகியவை நாட்டின் சட்டப்படி குற்றங்கள். இங்கே மத்தேயு 18இன் முதல் படியைப் பயன்படுத்தக் கூடாது. பாதிக்கப்பட்டவரிடம் 'நீ தனியாகப் போய்ப் பேசினாயா?' என்று கேட்பதே ஒரு கொடுமை. அன்றைக்கே காவல்துறைக்கோ குழந்தைப் பாதுகாப்பு அமைப்புக்கோ தெரிவியுங்கள். பல நாடுகளில் பிள்ளைகள் பற்றிய புகாரை மறைப்பதே தனிக் குற்றம். குற்றம் சாட்டப்பட்டவரைப் பிள்ளைகள் இருக்கும் ஊழியத்திலிருந்து உடனே விலக்கி வையுங்கள். அது தீர்ப்பு அல்ல, பாதுகாப்பு என்று அவரிடமே சொல்லலாம்.

சபை தானாக விசாரணை நடத்திப் பிள்ளையைத் திரும்பத் திரும்பக் கேள்வி கேட்கக் கூடாது. அது பிள்ளையைக் காயப்படுத்தும், வழக்கையும் கெடுக்கும். இரண்டு சாட்சிகள் வேண்டும் என்ற உபாகமம் 19:15ஐக் காட்டிப் புகாரை மூடவும் கூடாது. மறைவில் நடக்கும் குற்றத்துக்கு இரண்டாம் ஆள் சாட்சி எப்படிக் கிடைக்கும்? அதே அதிகாரத்தின் 18ஆம் வசனம் நன்றாய் விசாரிக்கச் சொல்கிறது. மருத்துவ அறிக்கை, கைபேசிச் செய்திகள், இதேபோன்ற இன்னொரு புகார் எல்லாம் விசாரணைக்கு உதவுபவைதான். சபையின் ஒழுங்கு நடவடிக்கை அரசின் நடவடிக்கைக்கு மாற்று ஆகாது. இரண்டும் தனித்தனியே நடக்கலாம்.

தனியே பேசுவது

இதுதான் எல்லாரும் தாண்டிக் குதிக்கும் படி. குற்றம் செய்தவரிடம் போவதற்குப் பதில் போதகரிடம் போகிறார்கள், அல்லது ஜெபக் குழுவுக்குப் போகிறார்கள். 'இன்னாருக்காக ஜெபியுங்கள், விவரம் சொல்ல முடியாது' என்பது ஜெப வேஷம் போட்ட புறங்கூறல். யாராவது மூப்பரிடம் வந்து மற்றொருவரைப் பற்றிக் குறை சொன்னால், மூப்பரின் முதல் கேள்வி 'அவரிடம் இதைச் சொன்னீர்களா?' என்றுதான் இருக்க வேண்டும். இல்லை என்றால், எப்படிப் பேசுவது என்று சொல்லிக்கொடுத்துத் திருப்பி அனுப்புங்கள். மேலே சொன்ன குற்றச்செயல்களும், பேசப் போனால் ஆபத்து வரும் சூழலும் மட்டுமே விதிவிலக்கு.

போகும் முன் மூன்றைச் சரிபாருங்கள். நான் நேரில் அறிந்ததா, யாரோ சொன்னதா? அன்பினால் மூடிவிடக் கூடிய சிறிய காரியமா? 'அன்பு திரளான பாவங்களை மூடும்' என்று பேதுரு சொன்னது இப்படிப்பட்டவற்றுக்குத்தான். நான் கோபத்தில் போகிறேனா? கோபம் இருந்தால் இரண்டு நாள் பொறுங்கள். இரண்டு மாதம் பொறுக்க வேண்டாம். அதற்குள் அது கசப்பாகிவிடும்.

நேரில் போங்கள். கைபேசிச் செய்தியில் கண்டிக்காதீர்கள்; குரலின் இதம் எழுத்தில் வராது, படம் பிடித்து எங்கும் அனுப்பவும் முடியும். ஆணும் பெண்ணும் பேச வேண்டியிருந்தால், பேச்சு கேட்காத ஆனால் பார்வைக்குத் தெரிகிற இடத்தில் உட்காருங்கள். அவர் பிள்ளைகள் முன்போ, வேலையிடத்திலோ, ஆராதனை முடிந்த வாசலிலோ வேண்டாம்.

பேச்சைக் கேள்வியாகத் தொடங்குங்கள். 'என்னைப் பற்றி நீங்கள் இப்படிச் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். உங்களிடமே நேரில் கேட்கலாம் என்று வந்தேன். அப்படிச் சொன்னீர்களா?' இது நல்ல தொடக்கம். 'எல்லாரும் உங்களைப் பற்றிப் பேசிக்கொள்கிறார்கள்' என்பது மோசமான தொடக்கம். யார் அந்த எல்லாரும் என்று அவர் கேட்பார், அதிலேயே பேச்சு திசைமாறும். ஒரு காரியத்தை மட்டும் பேசுங்கள், பத்து வருடத்துப் பட்டியலை விரிக்காதீர்கள். நீங்கள் பேசும் நேரத்தைவிட அவர் பேசும் நேரம் அதிகமாக இருக்கட்டும். பாதிப் புகார்கள் இந்த இடத்திலேயே தவறான புரிதல் என்று தெரிந்துவிடும். அப்போது மன்னிப்புக் கேட்க வேண்டியவர் நீங்கள்.

அவர் ஒப்புக்கொண்டால் அங்கேயே மன்னியுங்கள். அடுத்து என்ன செய்வார் என்பதையும் அவர் வாயாலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். காரியம் அங்கே முடிந்தது. இனி அது யாரிடமும், வாழ்க்கைத் துணையிடமும்கூட, போகக் கூடாது. அவர் மறுத்தாலோ கோபப்பட்டாலோ உடனே அடுத்த படிக்கு ஓடாதீர்கள். ஒன்றிரண்டு வாரம் விட்டு மறுபடியும் போங்கள். முதல் நாள் கோபப்பட்டவர் மூன்றாம் நாள் அழைப்பது உண்டு. ஒரே தடவை என்று வசனத்தில் எங்கும் இல்லை.

ஒன்றிரண்டு பேரோடு போவது

உடன் வருகிறவர்கள் உங்கள் கட்சிக்காரர்கள் அல்ல. குற்றம் சாட்டப்பட்டவரும் மதிக்கிற, உங்களுக்கு உறவோ கடமைப்பாடோ இல்லாத, வாய் காக்கிற இருவரைத் தேடுங்கள். அவர்களுக்கு முன்னதாக முழுக் கதையையும் உங்கள் பக்கத்திலிருந்து சொல்லி வைக்காதீர்கள். தேவையானதை இரண்டு வரியில் சொல்லி, மீதியை இருவர் முன்னிலையிலும் கேட்கட்டும். 'தன் வழக்கிலே முதல் பேசுகிறவன் நீதிமான்போல் காணப்படுவான். அவன் அயலானோ வந்து அவனைப் பரிசோதிக்கிறான்' என்ற நீதிமொழி 18:17 இந்த இடத்துக்கென்றே எழுதினதுபோல் இருக்கிறது. கேட்டுவிட்டு, தவறு உங்கள் பக்கம் என்று அவர்கள் சொன்னால் ஏற்றுக்கொள்ளத் தயாராகப் போங்கள்.

இந்தப் படியிலிருந்து எழுத்துப் பதிவு தொடங்க வேண்டும். தேதி, யார் இருந்தார்கள், என்ன சொல்லப்பட்டது, அவர் என்ன பதில் சொன்னார், என்ன ஒத்துக்கொண்டார், அடுத்த சந்திப்பு எப்போது: அரைப் பக்கம் போதும். பார்த்ததையும் கேட்டதையும் மட்டும் எழுதுங்கள். 'அவர் முகத்தில் மனந்திரும்புதல் இல்லை' என்று எழுதாதீர்கள். 'தொடர்பை விட முடியாது என்று சொன்னார்' என்று எழுதுங்கள்.

மூப்பர்களிடம் வரும்போது

வசனத்தில் மூப்பர் சங்கம் என்று தனிப் படி இல்லை. ஆனாலும் சபைக்குச் சொல்லும் முன் மூப்பர்கள் காரியத்தைச் சோதித்துப் பார்ப்பதுதான் ஞானம். அவருக்கு எழுத்தில் அழைப்பு அனுப்புங்கள்: குற்றச்சாட்டு என்ன, எந்தக் காலத்தில் நடந்தது, யார் சொல்கிறார்கள், சந்திப்பு எப்போது. அனுப்பிய நாளுக்கும் சந்திப்புக்கும் நடுவே குறைந்தது ஒரு வாரம் இருக்கட்டும். தனக்காகப் பேச ஒருவரை அழைத்து வர அவருக்கு உரிமை கொடுங்கள். குற்றம் சாட்டப்பட்டவரின் உறவினரோ, அவரோடு கொடுக்கல் வாங்கல் உள்ளவரோ, புகார் கொடுத்தவரின் உறவினரோ மூப்பராக இருந்தால், அவர் அந்தக் காரியம் முடியும்வரை எழுந்து வெளியே இருக்க வேண்டும்.

இந்தக் கட்டத்தில் தற்காலிகமாகச் சிலவற்றை நிறுத்தி வைக்கலாம்: ஞாயிறு பள்ளி, பாடகர் குழு, காணிக்கை எண்ணுவது போன்ற பொறுப்புகள். வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கையின் 30ஆம் அதிகாரம் மூன்று நிலைகளைச் சொல்கிறது: எச்சரித்தல், சிறிது காலம் கர்த்தருடைய பந்தியிலிருந்து நிறுத்தி வைத்தல், சபையிலிருந்து விலக்குதல். நடுவில் உள்ளதைப் பல சபைகள் மறந்துவிட்டன. எச்சரிக்கையிலிருந்து நேரே நீக்கத்துக்குத் தாவுகிறார்கள். திரும்ப யோசிக்கக் கிடைத்திருக்க வேண்டிய இரண்டு மூன்று மாதம் அதில் பறிபோகிறது.

அபராதம் வாங்காதீர்கள். ஸ்காட்லாந்துச் சபைகள் முற்காலத்தில் குற்றம் செய்தவரைத் தனி இருக்கையில் சபை முன் உட்கார வைத்தன, அபராதமும் வசூலித்தன. நாளடைவில் பணம் உள்ளவருக்கு அது ஒரு கட்டணமாகிவிடுகிறது, இல்லாதவருக்கோ அவமானம் மட்டும் மிஞ்சுகிறது. பாதிக்கப்பட்டவருக்குத் திருப்பிக் கொடுப்பது வேறு. அது கட்டாயம் நடக்க வேண்டும். வரி வசூலித்த சகேயு திருப்பிக் கொடுத்தது, தான் அநியாயமாய்ப் பணம் வாங்கியவர்களுக்கு.

சபைக்குத் தெரியப்படுத்துவது

அங்கத்தினர் மட்டும் இருக்கும் கூட்டத்தில் சொல்லுங்கள். ஞாயிறு ஆராதனையில் புதியவர்களும் பிள்ளைகளும் இருக்கிறார்கள், நேரலையும் ஓடிக்கொண்டிருக்கும். கேமராவையும் பதிவையும் நிறுத்தியாயிற்றா என்று ஒருவர் போய்ப் பார்த்துவிட்டு வரட்டும். செய்தித்தாளிலோ, சபைப் பத்திரிகையிலோ, வாட்ஸ்அப் குழுவிலோ இதைப் போடக் கூடாது.

எழுதி வாசியுங்கள், வாய்க்கு வந்தபடி பேசாதீர்கள். ஒரு நிமிடத்துக்குள் வாசித்து முடிக்கும்படி இருக்கட்டும். ஒரு மாதிரி:

'நம் சபையின் அங்கத்தினரான சகோதரர் (பெயர்) தம்முடைய திருமண உடன்படிக்கைக்கு விரோதமாக வாழ்ந்துவருகிறார். சகோதரர் இருவரும், பிறகு மூப்பர்களும், கடந்த நான்கு மாதங்களில் பலமுறை அவரோடு பேசினோம். நடந்ததை அவர் மறுக்கவில்லை, விட்டுவிடவும் சம்மதிக்கவில்லை. ஆகவே மத்தேயு 18:17இன்படி இதைச் சபைக்குத் தெரியப்படுத்துகிறோம். அவரை அறிந்தவர்கள் அடுத்த ஆறு வாரங்களில் அவரைச் சந்தித்து, திரும்பி வரும்படி அன்போடு வேண்டிக்கொள்ளுங்கள். அவருடைய மனைவியிடமும் பிள்ளைகளிடமும் இதைப் பற்றி விசாரிக்க வேண்டாம். கேள்வி இருந்தால் மூப்பர்களிடம் மட்டும் கேளுங்கள்.'

இதில் இல்லாதவற்றையும் கவனியுங்கள்: மற்ற நபரின் பெயர் இல்லை, எங்கே எப்போது என்ற விவரம் இல்லை, சாட்சிகளின் பெயர் இல்லை, அவருடைய உடல்நலமோ மனநலமோ கடனோ இல்லை. வாசிப்பதற்கு இரண்டு மூன்று நாள் முன்பு இந்த எழுத்தை அவருக்கும், பாதிக்கப்பட்ட மனைவிக்கும் தனித்தனியே காட்டுங்கள். மனைவி ஒரு சொல்லை மாற்றக் கேட்டால் மாற்றுங்கள். வாசித்த இரவு அந்த வீட்டுக்கு யார் போவார்கள், அடுத்த சில மாதங்களில் வாடகைக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் உதவி தேவைப்படுமா என்பதையும் முன்பே முடிவு செய்துவிடுங்கள். குற்றம் செய்தவரைச் சுற்றியே பேச்சு ஓடும்போது பாதிக்கப்பட்டவரை எல்லாரும் மறந்துவிடுவது இந்தக் கட்டத்தில் வழக்கமாக நடக்கும் தவறு.

விலக்குதல்

காத்திருந்த காலத்தில் மாற்றம் வரவில்லை என்றால், உங்கள் சபைச் சட்டப்படி முடிவெடுங்கள். வாக்கெடுப்பு என்றால் இரகசிய வாக்கு நல்லது. குறைவெண் (கூட்டம் செல்லுபடியாக வர வேண்டிய குறைந்தபட்ச ஆட்கள்), தேவையான பெரும்பான்மை இரண்டையும் நடவடிக்கைக் குறிப்பில் எழுதுங்கள். அவருக்கு ஒரு பக்கக் கடிதம் கொடுங்கள்: என்ன முடிவு, ஏன், மேல்முறையீடு எப்படி, திரும்பி வர வழி என்ன, யாரை அழைக்கலாம். முடிந்தால் கையில் கொண்டுபோய்க் கொடுங்கள்.

எல்லாக் காரியத்துக்கும் நான்கு படியும் வேண்டியதில்லை. 1 கொரிந்தியர் 5இல் சபைக்கே வெளிப்படையாகத் தெரிந்த, சபை பெருமையாக எடுத்துக்கொண்ட பாவத்துக்குப் பவுல் உடனே நடவடிக்கை கேட்கிறார். தீத்து 3:10 பிரிவினைக்காரருக்கு இரண்டு எச்சரிப்போடு நிறுத்துகிறது. ஆனால் சந்தேகம் வந்தால் மெதுவான வழியைத் தேர்ந்தெடுங்கள்.

விலக்கப்பட்டவருக்கு எது மாறுகிறது, எது மாறுவதில்லை என்று சபையாருக்குச் சொல்லிக்கொடுக்காவிட்டால், ஆளுக்கு ஒரு விதமாக நடப்பார்கள். கர்த்தருடைய பந்தி, வாக்குரிமை, ஊழியப் பொறுப்பு ஆகியவை இல்லை. ஒன்றும் நடக்காததுபோல் அவரோடு கூடிக் குலாவுவதும் இல்லை. பிரசங்கம் கேட்க வரலாம். பாதுகாப்புக் காரணம் இருந்தால் மட்டும் தடை. கணவன் மனைவி, பெற்றோர் பிள்ளைகள் உறவு அப்படியே இருக்கும். வேலையும் வியாபாரமும் நடக்கும். நோய், மரணம் என்றால் போக வேண்டும். அவருடைய பிள்ளைகளின் திருமணத்தையோ அடக்கத்தையோ பிணையாகப் பிடித்து வைக்கக் கூடாது. 2 தெசலோனிக்கேயர் 3:15 அளவுகோலைத் தருகிறது: சத்துருவாக எண்ணாமல், சகோதரனாக எண்ணிப் புத்திசொல்ல வேண்டும்.

போதகரோ மூப்பரோ என்றால்

1 தீமோத்தேயு 5:19-21 இரு பக்கமும் கூர்மையானது. இரண்டு மூன்று சாட்சிகள் இல்லாமல் மூப்பன் மேல் குற்றச்சாட்டை ஏற்காதே என்கிறது. குற்றம் உறுதியானால் எல்லாருக்கும் முன்பாகக் கடிந்துகொள் என்கிறது. பட்சபாதம் வேண்டாம் என்கிறது. முதலாவதை மட்டும் பிரசங்கித்துவிட்டு மற்ற இரண்டை விட்டுவிடும் வழக்கம் அதிகம். போதகர் மேல் வரும் புகாரை அவருடைய சக மூப்பர்கள் மட்டும் விசாரிப்பது சரியாக வராது. மறைமாவட்டமோ பிரெஸ்பிட்டரியோ இருந்தால் அங்கே போகட்டும். தனிச் சபை என்றால் வெளியிலிருந்து மூன்று பேரை அழைக்கலாம், அவர்களில் ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும். விசாரணை முடியும்வரை அவர் பிரசங்க மேடையில் ஏறக் கூடாது, சம்பளம் தொடரலாம்.

'உடல்நலக் காரணத்தால் ராஜினாமா' என்று அறிவித்து, பிரியாவிடை விருந்து வைத்து, சான்றிதழோடு அடுத்த சபைக்கு அனுப்புவது அடுத்த சபையின் பிள்ளைகளைக் காட்டிக்கொடுப்பது.

நடுவில் விலகல் கடிதம் வந்தால்

1989இல் அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநில உச்ச நீதிமன்றம், நடவடிக்கையின் நடுவே விலகிய ஓர் அங்கத்தினர் சபைமேல் தொடுத்த வழக்கில் தீர்ப்புச் சொன்னது. விலகும்வரை சபை செய்தது அதன் மத உரிமைக்குள் அடங்கும். அவர் விலகிய பிறகும் அவருடைய பாவத்தை அறிவித்தது அந்தப் பாதுகாப்புக்குள் வராது என்றது. நாட்டுக்கு நாடு சட்டம் மாறினாலும், நடைமுறைக்கு இது நல்ல வழிகாட்டி. கடிதம் வந்ததும் வாசித்துக்கொண்டிருந்த புத்தகத்தை மூடுவதுபோல் மூடிவிடுங்கள்: 'இன்னார் தம்முடைய விருப்பத்தின்படி அங்கத்தினர் உறவிலிருந்து விலகியிருக்கிறார்' என்பதற்கு மேல் சபையில் ஒன்றும் சொல்லாதீர்கள். பிற சபைப் போதகர் கேட்டால், 'ஒரு காரியம் முடியாமல் இருக்கிறது. அவர் சம்மதித்தால் விவரம் பேசுகிறோம்' என்று மட்டும் சொல்லலாம். பிள்ளைகளுக்கு ஆபத்து என்ற நிலை இருந்தால் இந்த மௌனம் பொருந்தாது. உங்கள் நாட்டுச் சட்டம் தெரிந்த வழக்கறிஞரைக் கேட்டு, தெரிவிக்க வேண்டியவர்களுக்குத் தெரிவியுங்கள்.

திரும்பச் சேர்த்துக்கொள்வது

விலக்குவதற்கு நடைமுறை வைத்திருக்கிற சபைகளில்கூட, சேர்த்துக்கொள்வதற்கு நடைமுறை இருப்பதில்லை. ஆகவே விலக்கும் அன்றே இருவரை நியமியுங்கள். அவர்களுடைய வேலை மாதம் ஒருமுறையாவது அவரை அழைப்பது, பிறந்தநாளிலும் துக்கத்திலும் போய் நிற்பது, கதவு திறந்திருக்கிறது என்று சொல்வது.

மனந்திரும்புதலை எதைக் கொண்டு அறிவது? கண்ணீர் போதாது, மாட்டிக்கொண்ட துக்கத்திலும் கண்ணீர் வரும். 2 கொரிந்தியர் 7:10-11 தேவனுக்கேற்ற துக்கத்தையும் லெளகிக துக்கத்தையும் பிரிக்கிறது. செய்ததை அதன் பெயரால் சொல்கிறாரா, 'சில தவறுகள் நடந்துவிட்டன' என்கிறாரா? பாதிக்கப்பட்டவர் மேல் பழி போடுவதை நிறுத்திவிட்டாரா? தொடர்பை அறுத்தாரா, பணத்தைத் திருப்பினாரா? உடனே மன்னிக்க வேண்டும் என்று எதிர்த் தரப்பை நெருக்குகிறாரா, காத்திருக்கிறாரா? கைபேசியையும் கணக்கையும் ஒருவருக்குத் திறந்து காட்டச் சம்மதிக்கிறாரா? இவற்றைப் பார்க்க வாரங்கள் போதாது. பல காரியங்களில் சில மாதங்கள் பிடிக்கும். ஆனால் மனந்திரும்புதலின் கனி தெரிந்த பிறகும் 'இன்னும் பார்ப்போம்' என்று இழுப்பதும் பாவம். கொரிந்து சபையில் ஒருவனுக்கு அநேகரால் உண்டான தண்டனை போதும், அவன் அதிக துக்கத்தில் அமிழ்ந்துபோகாதபடிக்கு மன்னித்து ஆறுதல் செய்யுங்கள் என்று பவுல் எழுத வேண்டியிருந்தது. எங்கே அறிவித்தீர்களோ அங்கேயே, அதே கூட்டத்தில், சேர்த்துக்கொண்டதையும் அறிவியுங்கள். அன்றே கர்த்தருடைய பந்தியில் இடம் கொடுங்கள். கடைசி வரிசையில் சில காலம் உட்காரச் சொல்வது போன்ற இலவச இணைப்புகள் வேண்டாம்.

பந்திக்குத் திரும்புவது ஒன்று, பொறுப்புக்குத் திரும்புவது வேறொன்று. காணிக்கையைத் திருடியவர் மன்னிக்கப்படலாம். மறுபடியும் காணிக்கை எண்ண வேண்டியதில்லை. பிள்ளைகளைத் துன்புறுத்தியவர் எவ்வளவு மனந்திரும்பினாலும் பிள்ளைகள் ஊழியத்துக்குத் திரும்பக் கூடாது. அவர் ஆராதனைக்கு வரும் சபையில் பாதிக்கப்பட்டவரும் இருந்தால், இடம் மாற வேண்டியவர் துன்புறுத்தியவரே. போதகராக இருந்தவர் மேய்ப்பன் பணிக்குத் திரும்பலாமா என்பதில் சபைகளுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. வருடக்கணக்கில் பொறுத்து, பாதிக்கப்பட்டவர்களிடமும் கேட்காமல் எந்தச் சபையும் அந்த முடிவை எடுக்கக் கூடாது என்பது எங்கள் கருத்து.

பதிவுகளை ஒரே உறையில் முத்திரையிட்டு, பூட்டிய இடத்தில், இரண்டு பேர் சாவியின் கீழ் வையுங்கள். கணினியில் என்றால் கடவுச்சொல்லோடு. தனிப்பட்டவர்களின் கைபேசிகளில் இருக்கும் பிரதிகளை அழிக்கச் சொல்லுங்கள். பிள்ளைகள் தொடர்பான கோப்புகளைச் சட்டம் சொல்லும் காலம்வரை அழிக்காதீர்கள். மற்றக் காரியங்களில், சேர்த்துக்கொண்ட பிறகு சபைப் பதிவேட்டில் தேதியோடு 'மறுபடியும் முழு ஐக்கியத்தில் சேர்த்துக்கொள்ளப்பட்டார்' என்ற ஒரு வரி போதும்.